கணக்குப்பிள்ளையும் துரையும்

1

எஸ்டேட் தமிழில் மேலாளருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தோட்டத்தை நடத்தும் மானேஜர் பெரியதுரை. அவருக்குக் கீழே வேலை பழகும் உதவி மானேஜர் சின்னதுரை. நீலகிரி, வால்பாறை முதல் இலங்கையின் மலையகம் வரை தோட்டங்களில் புழங்கிய சொற்கள் இவை. துரைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவில் இன்னொருவர் இருந்தார். இன்றைக்கு யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எவ்வளவு பறித்தார், எவ்வளவு முன்பணம் வாங்கினார், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அவருடைய ஏட்டில்தான் இருக்கும். அவர் பெயர் கணக்குப்பிள்ளை.

இந்த மூன்று பேரில் எண்ணோடு அதிகம் மல்லுக்கட்டியவர் கணக்குப்பிள்ளைதான். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் அவர் துரை ஆனதில்லை. துரையாக வருபவருக்கு வேறு தகுதிகள் போதும்: நல்ல குடும்பம், நல்ல பள்ளி, குதிரை ஏற்றம், விளையாட்டு, தெரிந்தவர் ஒருவரின் கடிதம். கணக்குத் தெரிந்தவன் கணக்குப்பிள்ளை ஆனான், தெரியாதவன் துரை ஆனான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். மேலாளராகப் பயிற்சி தரும் பிசினஸ் ஸ்கூலின் வாசலில் ஒரு கணக்குத் தேர்வு உட்கார்ந்திருக்கிறது. கணக்கில் வேகம் இல்லாதவர் உள்ளே போக முடியாது. இலக்கியம் படித்தவர், ஆசிரியர் வேலை பார்த்தவர், நர்ஸ், பத்திரிகையாளர், தொண்டு நிறுவன ஊழியர் எல்லோரும் அந்த வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மேத்ஸ் பேக்ரவுண்ட் இல்லாம எனக்கு எம்.பி.ஏ. சீட் கிடைக்குமா?"

நூறு வருடத்துக்குள் நிர்வாகத்துக்கான தகுதி எப்படி இப்படிப் புரண்டது? வாசல் மாறினாலும் வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் மட்டும் ஏன் பெரிதாக மாறவில்லை?

2

இந்தக் கேள்வியை ஒரு ஊரில் வைத்துப் பார்க்கலாம்.

சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலை. ஏற்காடு என்றால் நம்மில் பலருக்கு ஏரி, படகு, கோடை விழா. ஏரியைத் தாண்டினால் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் கிராமங்கள் மலை முழுக்கப் பரவியிருக்கின்றன. கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். அப்படியான ஊராட்சிகளில் ஒன்று மாரமங்கலம். காபியும் மிளகும் விளையும் பூமி.

இந்த மலைக்கு காபி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தார் என்று ஏற்காட்டின் வரலாறு சொல்லும் எல்லோரும் சொல்வார்கள். காபிக்குப் பின்னால் துரைகள் வந்தார்கள், பங்களாக்கள் வந்தன, பள்ளிகள் வந்தன. 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கியது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும், நாடறிந்த போர்டிங் பள்ளி. அதே மலையில் மலைவாசிப் பிள்ளைகளுக்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஒரே மலைதான், படிகள் வேறு வேறு.

மாரமங்கலத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். பதினைந்து வயதில், பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த குரூப்பை எடுத்தாள். கணிதம் அதோடு முடிந்தது. சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. இப்போது மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றில் வேலை. காபியையும் மிளகையும் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுக்காமல், சேர்த்து வைத்து நேரடியாக விற்க முடியுமா என்று யோசிக்கிறாள். அதற்கு நிர்வாகம் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கற்பனைப் பெண்தான். ஆனால் இந்த யோசனை வரக்கூடிய பெண்கள் நம் மலைகளில் இல்லாமல் இல்லை.

சட்டப்படி அவளுக்குத் தடை ஏதும் கிடையாது. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பொதுவாக 50 சதவீத மதிப்பெண், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. மத்திய நிறுவனங்களில் பழங்குடியினருக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கென்றே 1993-ல் மத்திய வணிக அமைச்சகம் பெங்களூரில் இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கியது. காபித் தோட்டத்தை நடத்தக் கற்றுக்கொடுக்கும் அந்தக் கல்லூரிக்குள் போகவும் இதுபோன்ற தேர்வு ஒன்றின் மதிப்பெண் வேண்டும்.

ஆக, காபி தெரிந்தவள் காபி நிர்வாகம் படிக்க, முதலில் இரண்டு ரயில்கள் எதிரெதிராக வந்தால் எப்போது சந்திக்கும் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில், இரண்டு நிமிடத்துக்குள்.

3

கணக்கு என்ற தமிழ்ச் சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். பள்ளியில் படிக்கும் கணிதமும் கணக்குதான், கடையில் எழுதும் வரவு செலவும் கணக்குதான். "கணக்குல புலி" என்றால் முதல் பொருள். "கணக்கு முடிச்சாச்சு" என்றால் இரண்டாவது. ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் இரண்டும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல் இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முழு எண்களோடு பின்னங்களும் வாய்ப்பாடாக வரும். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. ஏன் இவ்வளவு சின்னப் பின்னங்கள்? நெல்லை அளக்க, நிலத்தைப் பங்கிட, கூலி கொடுக்க, வரி கணக்கிட. வேலையிலிருந்து வந்த கணிதம், வேலைக்கே திரும்பிப் போனது.

இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். தமிழ்க் கணித மரபை ஆராய்ந்த செந்தில் பாபு காட்டுவதுபோல, அளப்பவருக்கும் அளக்கப்படுபவருக்கும் நடுவில் அதிகாரம் இருந்தது. ஊர்க் கணக்கன் கையில் ஏடு இருந்தது, உழைத்தவர் கையில் இல்லை. திண்ணையில் உட்கார எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கவில்லை.

கும்பினிக்காரர்கள் வந்தபோது இந்தக் கணக்குப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் இல்லாமல் அவர்களுக்கு ஒரு மூட்டை துணிகூட நகராது. அவர் பெயரைச் சொல்ல வராமல் 'கானிகாப்பொலி' என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். அந்தச் சொல் ஆங்கிலோ இந்திய அகராதியான ஹாப்சன் ஜாப்சனில் இடம் பிடித்தது. கம்பெனியின் நிர்வாகத்தில் கணக்குப்பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை.

இங்கேதான் ஒரு பிளவு ஆரம்பிக்கிறது. எண்களைக் கையாள்வது குமாஸ்தா வேலை, முடிவு எடுப்பது துரை வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இதுதான் நடைமுறை. சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த மேனேஜிங் ஏஜென்சி கம்பெனிகள் தேயிலை, சணல், நிலக்கரி, கப்பல் என்று பல தொழில்களை ஒரே அலுவலகத்திலிருந்து நடத்தின. அங்கே உதவியாளராக வந்த ஆங்கிலேய இளைஞன் தொழிலை வேலையில்தான் கற்றான். பிறகு இந்தியர்களை எடுக்க ஆரம்பித்தபோதும் அளவுகோல் பெரிதாக மாறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அல்லது இங்கேயே ஒரு நல்ல கான்வென்ட், டென்னிஸ், பேசும் தோரணை. 'பாக்ஸ்வாலா' என்று கேலியாகச் சொன்னது இந்த வர்க்கத்தைத்தான்.

அதாவது, நவீன இந்தியாவின் முதல் மேலாளர்களில் பெரும்பகுதி இன்றைய மொழியில் 'நான் குவான்ட்' ஆட்கள்.

4

பிசினஸ் ஸ்கூல் என்ற அமைப்பும் கணக்கர்களால் உருவானதில்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908-ல் தொடங்கியது. அதன் முதல் டீன் எட்வின் கே. அவர் ஒரு பொருளாதார வரலாற்றாசிரியர். அடுத்து 1919-ல் வந்த வாலஸ் டொனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவதுபோல, கம்பெனிகளின் உண்மையான சிக்கல்களை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று அவர் ஊன்றிச் செய்ததுதான் இன்று உலகம் முழுக்கப் புகழ்பெற்ற 'கேஸ்' முறை. வரலாறும் சட்டமும் படித்த இருவர்தான் நிர்வாகக் கல்வியின் மிகப் பிரபலமான பள்ளிக்கு உருவம் கொடுத்தார்கள். மாரமங்கலத்துப் பெண்ணின் பட்டமும் வரலாறுதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கணிதம் எப்படி வந்தது? போர் வழியாக.

இரண்டாம் உலகப் போரில் எத்தனை விமானம், எத்தனை குண்டு, எந்தக் கிடங்கில் எத்தனை உதிரி பாகம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது ஒரு தனித் துறையாக வளர்ந்தது. அமெரிக்க விமானப் படையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்த பத்துப் பேர், 1946-ல் கூட்டாக ஃபோர்டு கார் கம்பெனியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் மக்நமாரா, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பாடம் நடத்தியவர். எண்களை வைத்து ஒரு பெரிய கம்பெனியைத் தூக்கி நிறுத்தலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில்தான் வேர்விட்டது. பின்னாளில் அதே மக்நமாரா பாதுகாப்பு அமைச்சராகி, வியட்நாம் போரையும் எண்ணிக்கை வைத்து நடத்தப் பார்த்த கதை தனி.

1949-ல் பிட்ஸ்பர்கின் கார்னகி தொழில்நுட்பக் கழகம் ஒரு புது மாதிரி நிர்வாகப் பள்ளியைத் தொடங்கியது. கணிதம், பொருளாதாரம், மனித நடத்தை ஆய்வு எல்லாம் அங்கே கலந்தன. அங்கிருந்து புகழ்பெற்ற ஹெர்பர்ட் சைமன் முனைவர் பட்டம் வாங்கியது அரசியல் அறிவியலில். இன்னொரு பக்கம், மேற்படிப்புக்கு வரும் கூட்டத்தை வடிகட்ட ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்று சில பள்ளிகள் கூடிப் பேசின. 1954-ல் அந்தத் தேர்வு வந்தது. அதுதான் இன்றைய ஜிமேட்டின் மூதாதை.

1959-ல் இரண்டு அறிக்கைகள் வெளியாயின. ஒன்றுக்குப் பணம் கொடுத்தது ஃபோர்டு அறக்கட்டளை, மற்றதற்கு கார்னகி. இரண்டும் சொன்னதன் சாரம்: அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களின் தரம் மோசம், மாணவர்கள் பலவீனம், பாடங்கள் தட்டச்சுப் பள்ளி மாதிரி இருக்கின்றன, கணிதமும் புள்ளியியலும் சமூக அறிவியலும் வேண்டும். பல்கலைக்கழகத்தில் மற்றத் துறைகள் தங்களை மதிக்க வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பள்ளிகளுக்கு இருந்தது. அதற்குக் கணிதம் ஒரு நல்ல சட்டை.

தேர்வில் கணிதம் வந்ததற்கும் மேலாளருக்குக் கணிதம் தேவை என்பதற்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு உண்டு. ஆனால் எந்தக் கணிதம், எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை முடிவு செய்ததில் கௌரவத்துக்கும் வடிகட்டும் வசதிக்கும் பெரிய பங்கு இருந்தது.

5

அதே 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையின் அழைப்பில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ராபின்ஸ் இந்தியா வந்தார். இங்கே ஒரு அகில இந்திய மேலாண்மை நிறுவனம் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தார். 1961 நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் பிறந்தன. கல்கத்தாவுக்குக் கைகொடுத்தது எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி. அகமதாபாத்துக்கு ஹார்வர்டு. ஒன்றில் கணிதச் சாய்வு, இன்னொன்றில் கேஸ் முறை. தாய்ப்பள்ளிகளின் குணம் பிள்ளைகளிடம் வந்தது.

அகமதாபாத்தைக் கட்டியவர்களைப் பாருங்கள். விக்ரம் சாராபாய் இயற்பியலாளர். அவரோடு நின்று நிறுவனத்தின் ஆரம்பக் காலத்தைச் சுமந்த கமலா சௌத்ரி உளவியல் படித்தவர், துணி ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர். 1965-ல் முதல் முழுநேர இயக்குநராக வந்தவர் ரவி மத்தாய், அப்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பி.ஏ., கம்பெனி அனுபவம், சில காலம் ஐ.ஐ.எம். கல்கத்தாவில் பேராசிரியர். முனைவர் பட்டம் கிடையாது. ஏழு வருடம் நடத்திவிட்டு, 1972-ல் தானாகவே பதவியை விட்டு இறங்கி அதே நிறுவனத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். அவரிடமிருந்த திறமை எந்தக் கொள்குறித் தேர்விலும் மாட்டாது.

பிறகு ஏன் வாசல் கணிதமானது? முதல் காரணம், கூட்டம். சில நூறு இடங்களுக்குச் சில ஆயிரம் பேர் வந்தபோது நேர்முகம் நடத்திப் பார்க்கலாம். லட்சம் பேர் வந்தால் முடியாது. 2023-ல் கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.88 லட்சம் பேர். அகமதாபாத்தின் முதன்மைப் படிப்பில் இருப்பது நானூறு சொச்சம் இடம். இவ்வளவு பேரைச் சச்சரவு இல்லாமல் வரிசைப்படுத்தச் சுலபமான கருவி, ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்வி. கணிதத்தில் அது கொட்டிக் கிடக்கிறது.

இரண்டாவது காரணம், எங்களைப் போன்ற ஆட்கள். 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. ஆந்திரா, கர்நாடகம், மகாராஷ்டிரமும் அப்படியே. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் இன்ஜினியரிங் என்று ஆனது. நான்கு வருடம் கணிதத்தோடு பழகி, சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்து, அலுப்புத் தட்டியதும் கேட் எழுத உட்காருவது ஒரு தலைமுறையின் வாடிக்கை. கேட் கணிதம் பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தரம்தான் என்று பயிற்சி மையங்கள் சொல்வது உண்மை. ஆனால் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவருக்கும் நேற்றுவரை கையில் வைத்திருந்தவருக்கும் இடையே இருக்கும் தூரத்தை அந்த வாக்கியம் மறைக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். அங்கே அளக்கப்படுவதில் ஒரு பெரும்பங்கு பழக்கம்.

2023 தேர்வில் நூறு பெர்சன்டைல் வாங்கியவர்கள் 14 பேர். அனைவரும் ஆண்கள். அதில் 11 பேர் பொறியியல் பட்டதாரிகள்.

6

இந்த இடத்தில் தேர்வுக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும்.

கணிதத் தேர்வு, துரை காலத்துச் சிபாரிசை விட நியாயமானது. அப்பா யார், எந்த கிளப்பில் உறுப்பினர், ஆங்கிலத்தில் எந்த உச்சரிப்பு என்று அது கேட்பதில்லை. நாமக்கல்லிலும் விருத்தாசலத்திலும் இருக்கும் ஒரு பையன் ராத்திரி பகலாகப் பயிற்சி எடுத்தால் கணிதத்தில் ஏறிவிடலாம். நேர்முகத் தேர்வின் தோரணையில் அப்படிச் சுலபமாக ஏற முடியாது. ஹார்வர்டு 1985-ல் ஜிமேட் மதிப்பெண் வேண்டாம் என்று முடிவெடுத்தது. 90-களில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. தேர்வை எடுத்துவிட்டால் வாசல் தானாகத் திறக்கும் என்பது கணக்கில் வராத நம்பிக்கை. தேர்வு போன இடத்தில் கட்டுரையும் பரிந்துரைக் கடிதமும் வந்து உட்காரும். அதில் யார் ஜெயிப்பார் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் நமக்குப் பழகியது. 2007-ல் பொறியியல், மருத்துவத்துக்கு மாநில நுழைவுத் தேர்வை எடுத்தோம். நகரத்துப் பயிற்சி மையங்களுக்குத்தான் அது உதவுகிறது, கிராமத்துப் பிள்ளைகளை ஒதுக்குகிறது என்பது காரணம். நீட் வந்தபோதும் அதே வாதத்தை வைத்தோம். ஆனால் எம்.பி.ஏ.வுக்கு டான்செட் இருக்கிறது. அதைப் பற்றித் தெருவில் யாரும் பேசுவதில்லை. இளநிலைப் படிப்பின் வாசலைப் பற்றிக் கவலைப்பட்ட சமூகம், அதைத் தாண்டி வந்த பி.ஏ. பட்டதாரி அடுத்த வாசலில் என்ன செய்கிறார் என்று பார்க்கவில்லை.

ஆகவே சண்டை கணிதத்தோடு இல்லை. எண்ணோடு வேலை பார்ப்பது என்றால் என்ன என்று நாம் வைத்திருக்கும் குறுகிய அர்த்தத்தோடுதான் சண்டை.

7

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் பெண்களுக்கான ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு குழு, வாரம் ஒரு சிறு தொகை சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்தே கடன். சில வருடங்களில் திட்டம் பக்கத்திலிருக்கும் சேலத்துக்கும் வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. 1992-ல் நபார்டு வங்கி இப்படியான குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை ஆரம்பித்தது. இன்று நாடு முழுக்க இருக்கும் சுய உதவிக் குழு இயக்கத்தின் முக்கியமான வேர்களில் ஒன்று நம் தர்மபுரி, சேலம் பக்கத்து மண்ணில் இருக்கிறது.

அந்தக் குழுக்களில் ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்புகள் வந்தன. தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் என்று ஏடுகள் வந்தன. தோட்டத்தில் கணக்குப்பிள்ளை மட்டும் வைத்திருந்த ஏடு, முதல் தடவையாக அந்த ஏட்டில் வெறும் பெயராக இருந்த பெண்களின் கைக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கணக்கு வரலாற்றில் இதைவிடப் பெரிய கைமாற்றம் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த ஏட்டில் என்ன கணிதம் இருக்கிறது? ஒரு உதாரணம். பத்தாயிரம் ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, பத்து மாதத்தில் மாதம் ஆயிரமாக அசலைத் திருப்பித் தர வேண்டும். தண்டலுக்கு விடுபவர் பத்தாயிரத்துக்கே பத்து மாதமும் வட்டி போடுவார்: மாதம் 200, மொத்தம் 2000. குழுவில் மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி: முதல் மாதம் 200, அடுத்து 180, பிறகு 160 என்று குறைந்து கடைசி மாதம் 20. மொத்தம் 1100. இரண்டு இடத்திலும் சொல்வது 'ரெண்டு வட்டி'தான். வித்தியாசம் 900 ரூபாய். அந்தத் தொள்ளாயிரம் எங்கே போகிறது என்று புரிந்த பெண், நிதி மேலாண்மையின் ஆரம்பப் பாடம் ஒன்றைப் புத்தகம் இல்லாமல் முடித்துவிட்டாள்.

காபியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ சுத்தமான கொட்டை வர ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். பழமாகவே களத்தில் கொடுத்துவிட்டால் பணம் இன்றைக்கே கையில். தோல் நீக்கி, கழுவி, காயவைத்து விற்றால் விலை அதிகம், ஆனால் கூலி உண்டு, மழை பெய்தால் நஷ்டம் உண்டு, பணம் வர நாள் ஆகும். அதுவரை குடும்பச் செலவுக்குக் கடன் வாங்கினால் வட்டி உண்டு. எது லாபம்? நிச்சயமில்லாத நிலையில் முடிவெடுப்பது என்று பிசினஸ் ஸ்கூல் இதற்கு ஒரு பாடம் நடத்துகிறது. மலையில் இது ஒரு தை மாதத்துக் காலைப் பேச்சு.

இந்த வேலையைப் பார்த்தவர் விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறார்? 'சமூகப் பணி. கணிதப் பின்புலம் இல்லை.' அவரே எழுதிவிடுகிறார். கணக்குப்பிள்ளையைத் துரையிடமிருந்து பிரித்த அந்தப் பழைய கோடு இன்றைக்கு நம் தலைக்குள் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு திரையின் பட்டனை இடம் மாற்றிய இரண்டு வருடத்துக்கு 'குவான்டிடேட்டிவ்' என்று பெயர். முந்நூறு பெண்களின் கடன் பேரேட்டை ஒரு ரூபாய் பிசகாமல் முடிப்பதற்கு அந்தப் பெயர் இல்லை. நான் முதல் வகை வேலையைச் செய்து சம்பளம் வாங்குபவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்: பொறியாளர் வேலையில் பெரும்பகுதி கணிதமே கிடையாது. சான்றிதழில்தான் இருக்கிறது.

8

விதியை மாற்றினால் விளைவும் மாறும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2013-ல் ஐ.ஐ.எம். கோழிக்கோட்டில் சேர்ந்த வகுப்பில் பெண்கள் 54 சதவீதம். ஐ.ஐ.எம்.களில் அதுவரை கேள்விப்படாத எண். நாட்டின் பெண்கள் ஒரே வருடத்தில் கணிதத்தில் தேறிவிடவில்லை. சேர்க்கைக்கு எதற்கு எவ்வளவு புள்ளி என்ற சூத்திரம் மாறியது, அவ்வளவுதான். அகமதாபாத் இப்போது பட்டப்படிப்புகளை வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் முன்னால் நிற்பவர்களைத் தனியாகப் பார்க்கிறது. கிராம மேலாண்மைக்கென்று 1979-ல் ஆனந்தில் குரியன் தொடங்கிய இர்மா, தன் நுழைவுத் தேர்வில் சமூகப் பிரச்சினைகள் பற்றிய பகுதியை வைத்திருந்தது. எதைக் கேட்கிறோமோ அதைத் தெரிந்தவர்தான் உள்ளே வருவார்.

2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் வடிவியலே கிடையாது. எத்தனையோ பேரை பயமுறுத்திய முக்கோணமும் வட்டமும் ஒரே நாளில் போய்விட்டன. தரவுகளைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு ஒரு தனிப் பகுதி வந்தது. வடிவியல் தெரியாததால் முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

ரவி மத்தாய்க்குத் திரும்புவோம். இயக்குநர் பதவியை விட்ட பிறகு, 1975-ல் அவர் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போனார். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் கூட அழைத்துக்கொண்டார். அங்கே இருந்த நெசவாளர்களும் தோல் தொழிலாளர்களும் தங்கள் பொருளைத் தாங்களே வடிவமைத்து, விலை வைத்து, விற்று, கணக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் சோதனை. நாட்டின் மிகப் பெரிய பிசினஸ் ஸ்கூலின் மூளை, தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட தொழிலாளர்களோடு தரையில் உட்கார்ந்தது. உங்களுக்கு எண்ணறிவு இருக்கிறதா என்று அவர் நுழைவுத் தேர்வு வைக்கவில்லை. அந்தக் கைவினைஞர்கள் உருவாக்கிக்கொண்ட அமைப்பு அவர் மறைவுக்குப் பிறகும் நிலைத்தது.

பிசினஸ் ஸ்கூல் ஊருக்குப் போகலாம் என்று ஜவாஜா காட்டியது. ஊர் பிசினஸ் ஸ்கூலுக்கு வரும் பாதைதான் இன்னும் சரியாகப் போடப்படவில்லை.

மாரமங்கலத்துப் பெண் விண்ணப்பிப்பாளா? விண்ணப்பித்தால், அவள் பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் தூசு தட்டி மறுபடி படித்தாக வேண்டும். விகிதம், சதவீதம், சராசரி, கூட்டு வட்டி. அதில் சலுகை கேட்க வேண்டியதில்லை, அவளால் முடியும். ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும். அந்த மாதங்களுக்கான சம்பளத்தையும் பயிற்சிச் செலவையும் யார் தருவார் என்பதுதான் நிஜமான தடை. அதற்கு அரசும் கல்லூரிகளும் பதில் சொல்ல வேண்டும். அவளே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் 'கணிதப் பின்புலம் இல்லை' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 900 ரூபாய்க் கதையை எழுதலாம். எத்தனை குழு, எத்தனை பேர், எவ்வளவு கடன், எவ்வளவு திரும்பி வந்தது, வராதபோது என்ன செய்தாள்.

அதைப் படிக்கும் பேராசிரியர் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ரயில்களைப் பற்றியது இல்லை. பழமாக விற்றீர்களா, கொட்டையாக விற்றீர்களா, ஏன்?